இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு

அக்கா,

அந்துருண்டை வாசனைதான் முதலில் வந்தது. உன் மகள் பையைத் திறந்து, உன் ஊதா வாயில் புடவையில் சுற்றிய ஒன்றை என் கட்டில்மேல் வைத்தாள். பிரிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பழைய அட்டையும் அந்துருண்டையும் கலந்த அந்த வாசனை மாரண்டஹள்ளியில் உன் அலமாரியைத் திறந்தால் வருகிற வாசனை. உள்ளே மஞ்சள் அட்டையோடு அந்த இசைத்தட்டு. கூடவே பெட்டி மாதிரி சின்னதாக ஒரு புது பிளேயரையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். பிடிவாதத்தில் உன்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்.

"கடைசில அம்மா வேற எதையும் கேக்கல சித்தி. தட்டத் திருப்பிப் போடு, கடைசிப் பாட்ட வையின்னு சொல்லும். பாட்டு முடிஞ்சா முள்ள எடுக்க வுடாது. சும்மா சுத்தட்டும், இருன்னு சொல்லிட்டுக் கண்ண மூடிக்கும். ஏம்மான்னு கேட்டா, ஸ்டெல்லா சித்தியப் போயிக் கேளுன்னுச்சு."

நன்றாக இருக்கிறது உன் நியாயம். வாழ்நாள் பூராவும் என் வாயைக் கட்டி வைத்தாய். போகிற போக்கில் அந்தக் கட்டை அவிழ்த்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். எனக்கு வந்த ஆத்திரத்தில், நீ எதிரே இருந்திருந்தால் கையில் இருந்த காப்பியை உன் மேலேயே ஊற்றியிருப்பேன்.

உன் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது என்று முதலில் உன்னிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

காய்கறி மண்டிக்குப் பின்னால் நம் ஓட்டு வீட்டு வரிசை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் ஓடு வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே எழும்பி நின்றுவிடும். நீ மிளகாய் வறுத்தால் நான் தும்முவேன். என் குழந்தை அழுதால் நீ அங்கிருந்தே தாலாட்டுவாய். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், மாதா படத்தை அந்தச் சுவரில் மாட்ட ஆணி அடித்தேன். "ஏ புள்ள, மெதுவா அடி, இந்தப் பக்கம் எங்க முருகர் ஆடுறாரு" என்று நீ குரல் கொடுத்தாய். உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே உன் சிரிப்பைக் கேட்டுவிட்டேன்.

உன் வீட்டுக்காரன் மண்டியில் தக்காளித் தரகன். அவனை உன் முன்னால் ஒரு நாளும் நான் அவன் இவன் என்று சொன்னதில்லை. அவரு, மாமா என்றுதான் சொல்ல வைத்தாய். இப்போது சொல்கிறேன், பொறுத்துக்கொள். பெங்களூருக்குக் காய் ஏற்றிக்கொண்டு போகிறபோதெல்லாம் ஒரு தட்டு வாங்கி வருவான். வரிசையில் வேறு யார் வீட்டிலும் ரெக்கார்டு பிளேயர் கிடையாது. அதைத் துடைக்கிற துணியை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று உனக்கு உத்தரவு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் அவன் கச்சேரி. அரசாங்கமே சாராயக் கடையைத் திறந்து வைத்திருந்த வருஷங்கள் அவை. நான் கோயிலில் பூசை முடிந்து வந்து கறிக்கு மசாலா அரைக்கும்போது அவன் வருகிற செருப்புச் சத்தம் கேட்கும். சாப்பிட உட்காருவான். குழம்பில் காரம், சோற்றில் கல், நீ தண்ணீர் வைத்த விதம், ஏதோ ஒன்று கிடைத்துவிடும். உடனே அடிக்க மாட்டான். அதுதான் அவனுடைய ஒழுங்கு. "பாட்டு முடியட்டும், உனக்கு இருக்குதுடி" என்பான். தட்டைப் போடச் சொல்லிக் கட்டிலில் சாய்வான்.

ஒரு பக்கம் முடியும். நீ திருப்பிப் போடுவாய். அடுத்த பக்கமும் ஓடும். கடைசிப் பாட்டு வரும். பெரும்பாலும் அது சோகப் பாட்டாகத்தான் இருக்கும். கேட்கிற ஜனங்கள் எழுந்து போகட்டும் என்று வைத்தார்களோ என்னவோ. பாட்டில் ஒரு பெண் அழுதால் அவனுக்குத் தாங்காது. "பாவம், பாவம்" என்று மூக்கை உறிஞ்சுவது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். பிறகு முள் வெறும் தட்டில் கர்ர், கர்ர் என்று சுற்றும். பிறகு பெல்ட்டின் பூட்டு கழலுகிற சத்தம். அந்த அழுத கண்ணோடுதான் எழுந்து வருவான்.

வரிசையில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. புருஷன் பெண்டாட்டி விவகாரம், வாசல் தாண்டக் கூடாது. அந்தக் கர்ர் சத்தம் கேட்டதும் ஒருத்தி உரலில் எதையாவது போட்டு இடிப்பாள், ஒருத்தி பாத்திரத்தை உருட்டுவாள். மூன்றாம் வீட்டு கெம்பம்மா தன் மாட்டைக் கன்னடத்தில் திட்ட ஆரம்பிப்பாள். மாடு பாவம், ஒன்றும் செய்திருக்காது. உன் முதல் குழந்தை வயிற்றிலேயே போனது எப்படி என்று அத்தனை பேருக்கும் தெரியும். படியில் வழுக்கிவிட்டது என்று நீ சொன்னாய். உன் வீட்டில் படியே கிடையாது.

ஒரு நாள் துவைக்கிற கல்லில் இருக்கும்போது, உனக்கு எந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும் என்று கேட்டேன். பேச்சை மாற்றத்தான் கேட்டேன். உன் முதுகைப் பார்க்க முடியவில்லை.

"கடைசிப் பாட்டுங்கதான்" என்றாய். யோசிக்கவே இல்லை.

"அழுவுற பாட்டா? போக்கா!"

"அந்தப் படகுப் பாட்டு இருக்குதில்ல, அது நல்ல பாட்டு. தாலாட்டு அதவிட நல்ல பாட்டு. மஞ்ச அட்டத் தட்டுல ஒன்னு வருது பாரு, ஒருத்தி வாசல்ல நின்னு காத்துக்கிட்டே இருப்பா. அதுதான் ரொம்ப நல்லது."

"அப்புடி என்னா இருக்குது அதுல?"

புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னாய்: "நீளம்."

எனக்குப் புரியவில்லை. நீதான் விளக்கினாய், கொத்தமல்லிக் கட்டுக்கு விலை சொல்கிற குரலில். பாட்டு முடிவதற்குள் அவன் தூங்கிவிட்டால் அன்றைக்கு நீ தப்பித்தாய். படகுப் பாட்டுக்குக் கண் செருகுவான், ஆனால் முடிந்ததும் விழித்துவிடுவான். தாலாட்டுக்குச் சில நாள் தூங்குவான். மஞ்சள் அட்டைப் பாட்டு எல்லாவற்றையும்விட நீளம். அது முடிகிற நேரத்தில் நீ சத்தமில்லாமல் முள்ளைத் தூக்கி மறுபடி ஆரம்பத்தில் வைப்பாய். மூச்சைப் பிடித்துக்கொண்டு வைக்க வேண்டும், கை நடுங்கினால் கீச்சென்று கத்தும். பாட்டை அவ்வளவு ரசித்துக் கேட்கிறாளே என்று இத்தனை நாள் நான் நினைத்திருந்தேன். நீ அதை முழம் போட்டுக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் சுவருக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம் ஆனது. இந்த மகள் அப்போது உன் வயிற்றில் ஐந்து மாதம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழம்பில் உப்பு அதிகம் என்றான். தட்டு சுவரில் மோதி விழுகிற சத்தம் கேட்டது. சாப்பாட்டுத் தட்டுதான், பாட்டுத் தட்டு அல்ல. அதை அவன் உயிரே போனாலும் எறிய மாட்டான். "இந்தத் தடவையாவது பெத்துக்கலாம்னு பாக்குறியா? பாட்டு முடியட்டும்" என்றான். மஞ்சள் அட்டைத் தட்டைப் போட்டாய். திருப்பினாய். கடைசிப் பாட்டு வந்தது. முதல் சரணத்திலேயே அவன் குறட்டை கேட்டது. நான் சிலுவைக்குறி போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் கரண்டு போனது.

பாடிக்கொண்டிருந்தவளின் குரல் இழுபட்டு, ஆண் குரலாகி, எருமை கத்துவது போலாகி நின்றுவிட்டது. குறட்டையும் நின்றது. கட்டில் கிறீச்சிட்டது. நீ அசையாமல் நிற்பது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்தது.

என்ன தோன்றியதோ, விட்ட இடத்திலிருந்து நான் பாடினேன். கோயிலில் பாடுகிற தொண்டை எனக்கு, கொஞ்சம் ஒப்பேறும். மெதுவாக, இழுத்து இழுத்துப் பாடினேன். கட்டில் சத்தம் அடங்கியது. நான் சரணம் முடித்ததும் அடுத்த வீட்டில் ஒருத்தி பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் மனப்பாடம்! உரல் இடித்த அத்தனை பேருக்கும் மனப்பாடம், அக்கா. இடித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். ஓட்டுக்குக் கீழே அந்தப் பாட்டு வீடு வீடாகப் போய்த் திரும்பி வந்தது. குறட்டை மறுபடியும் தொடங்கியது.

கெம்பம்மா சேர்ந்துகொண்டதுதான் தப்பு. தமிழில் பாடுவதே அவளுக்குக் கஷ்டம். அதிலும் மாட்டைத் திட்டிப் பழகிய குரல். நல்ல மனசோடுதான் பாடினாள், ஆனால் ஓடு அதிர்ந்தது.

"எவடி அவ!" என்று எழுந்தான். "ஊரக் கூட்டிப் பாட வுடுறியா? எங்கூட்டுச் சங்கதிய ஊருக்குச் சொல்லிட்டியா?"

உன் தலை சுவரில் மோதிய சத்தம் என் மாதா படத்தை ஆட்டியது. அடுத்து பெல்ட். "வயித்துல வேணாங்க, வயித்துல வேணாங்க" என்று நீ கத்தியது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நான் வெளியே ஓடினேன். உன் கதவு உள்ளே தாழ்ப்பாள். கெம்பம்மா அதற்குள் உலக்கையோடு வந்துவிட்டாள். "பிடோ அவள்ன! பிடோ!" விடுடா அவளை என்று அலறிக்கொண்டே உலக்கையால் கதவைக் குத்தினாள். நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். வழக்கம் கிழக்கம் எல்லாம் அந்தத் தாழ்ப்பாளோடு பெயர்ந்து விழுந்தது.

உள்ளே நீ மூலையில் வயிற்றை முழங்காலால் மூடிக்கொண்டு சுருண்டிருந்தாய். முதுகு முழுக்க ரத்தம். நான் நடுவில் விழுந்தேன். பெல்ட்டின் பூட்டு என் நெற்றியைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் இறங்க, எல்லாம் சிவப்பாகத்தான் தெரிந்தது. அவன் கெம்பம்மாவைத் தள்ளினான். உலக்கை உருண்டு உன் காலடியில் வந்தது.

அடித்தது கெம்பம்மா என்று வரிசையில் பாதிப் பேர் கடைசி வரைக்கும் நம்பினார்கள். அடித்தது நீ. பெல்ட்டை ஓங்கின கையின் மணிக்கட்டில் ஒன்று. எலும்பு முறிந்த சத்தம் விறகு ஒடிகிற மாதிரி கேட்டது. அவன் உட்கார்ந்துவிட்டான். அதே கையில் இன்னொன்று போட்டாய். மூன்றாவதுக்கு ஓங்கினபோது நான்தான் உன் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், அவன்மேல் இரக்கப்பட்டு அல்ல. உன்னைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடுமே என்றுதான்.

உலக்கையைக் கீழே வைத்துவிட்டு நீ என்ன செய்தாய், நினைவிருக்கிறதா? அவன் தரையில் கிடந்து கத்துகிறான், என் நெற்றி ஒழுகுகிறது, கெம்பம்மா மார்பில் அடித்துக்கொள்கிறாள். நீ நேராகப் பிளேயரிடம் போனாய். முள்ளைத் தூக்கி அதன் இடத்தில் வைத்தாய். "திடீர்னு கரண்டு வந்தா தட்டு கீறிடும்" என்றாய். கை துளிகூட நடுங்கவில்லை. அன்றைக்கு அந்தப் பாட்டு முடியவே இல்லை.

தக்காளி வண்டியிலிருந்து விழுந்துவிட்டார் என்று மண்டிக்கு நீதான் சொல்லி அனுப்பினாய். அவன் மறுக்கவில்லை. பெண்டாட்டி கையால் ஒடிந்தது என்று எந்த ஆண்பிள்ளை சொல்லிக்கொள்வான்? கட்டுப் போட்டவர் கோணலாகவே கட்டிவிட்டார். அந்தக் கையால் பிறகு பெல்ட்டை ஓங்கவும் வரவில்லை, முள்ளை எடுத்து வைக்கவும் வரவில்லை. பாட்டு வேண்டுமென்றால் உன்னைத்தான் கேட்க வேண்டும். மனசு இருந்தால் நீ வைப்பாய்.

மகள் பிறந்தாள். அந்தக் கோணல் கையில்தான் அவளைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அவளுக்குத் தெரிய வேணாம் ஸ்டெல்லா. அவங்கப்பன நல்லவன்னு நெனச்சிக்கட்டும். ஒரு புள்ளைக்கு அதாவது வேணாமா?" என்றாய். மாதா படத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கினாய். முருகர் உன் பக்கத்துச் சுவரிலேயே இருக்க, என் மாதாவிடம் வாங்கினாய். கெட்டிக்காரி.

நான் ஊர் மாறிப் போன பிறகு, அவன் செத்துச் சில வருஷம் கழித்து, உன்னைப் பார்க்க வந்தேன். மஞ்சள் அட்டைத் தட்டைப் போட்டிருந்தாய். "இப்பதான்டி இது பாட்டா கேக்குது" என்றாய். நான் அழுதேன். நீ அழவில்லை, முறுக்கு எடுத்து வந்து வைத்தாய்.

திட்டாதே அக்கா, சொல்லிவிட்டேன். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பா கை வண்டில வுழுந்து ஒடஞ்சதில்லியா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். என் நெற்றித் தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளைதானே, அழட்டும் என்று விட்டுவிட்டேன். ரொம்ப நேரம் அழுதாள். அப்பனுக்காகவா உனக்காகவா என்று நான் கேட்கவில்லை.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து தட்டைத் திருப்பிப் போட்டாள். வாசலில் காத்திருப்பவள் பாடினாள். கடைசிச் சரணம் வந்தபோது என் உடம்பு தானாக எழுந்துகொண்டது, முள்ளைத் தூக்கி மறுபடி ஆரம்பத்தில் வைக்க வேண்டும் என்று. இத்தனை வயதுக்கு அப்புறமும் எனக்கு அது போகவில்லை. உன் மகள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இரு சித்தி. சுத்தட்டும்."

முள் வெறும் தட்டில் கர்ர், கர்ர் என்று சுற்றியது. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் ஒரு பிள்ளை சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

பாட்டு முடிந்துவிட்டது, அக்கா. ஒன்றும் நடக்கவில்லை.