கம்பைலர் பிழை இல்லை என்றது

12-4-2005, செவ்வாய்
செக்கிங் மேசைக்கு ஸ்கேனர் வந்துவிட்டது. பனியன் கட்டின் பண்டில் எண்ணை இனி யாரும் விரலால் அடிக்க வேண்டாமாம். பனியன் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதியவன் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலாளி பொங்கியண்ணன் சிரிக்கிறார்: "ஏனுங்ணா, இன்னும் அந்தக் கறுப்பு ஜன்னல்லயே டைப் அடிச்சுட்டு இருக்கீங்க? கோயமுத்தூர்ப் பசங்க மவுஸ்ல இழுத்து வெச்சே ஸ்கிரீன் போட்டுத் தர்றானுங்க."

இழுத்து வைக்கட்டும். எந்தப் பெட்டி எங்கே, எந்தப் பொத்தான் என்ன அகலம் என்று நான் எழுத்தில்தான் எழுதுவேன். கட்டளை அடித்தால் கம்பைலர் அதைத் திரையாக்கித் தரும். எனக்குத் தெரியாமல் ஒன்றும் நகராது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் கற்றது.

16-4
ஸ்கேனர் ஓடுகிறது. என் திரையில் ஒரு வரியும் மாற்றவில்லை.

2-5, திங்கள்
சரக்கு வாங்கும் பையரின் ஆள் பெட்டியைப் பிரித்தான். ஓட்டை விழுந்த பனியன்கள். கணினியில் அத்தனையும் 'பாஸ்'. அதைப் பார்த்துத்தான் பேக்கிங்கில் கட்டியிருக்கிறார்கள். பழி செக்கிங் ரோஸ்மேரி மேல்.

"சத்தியமா ரிஜெக்ட்தான் சார் அமுக்குனேன்" என்று அழுதாள்.

"புரோகிராம்ல தப்பு இருக்குமுங்ளாண்ணா?" எல்லோர் முன்னாலும் கேட்டார் முதலாளி. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அங்கேயே கம்பைல் செய்து காட்டினேன். பிழை இல்லை. "பாத்துக்கங்க. இது பொய் சொல்லாது. அந்தப் புள்ளதான் சொல்லுது" என்றேன்.

அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

3-5
மறுபடி கம்பைல் செய்தேன். பிழை இல்லை. அப்புறம் எதுக்கு மனசு அடிச்சுக்குது?

5-5
மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரோஸ்மேரியின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பண்டில் சீட்டை ஸ்கேனரில் காட்டினேன். வேறெதையும் தொடவில்லை. 'பாஸ்' என்று பதிவாகிவிட்டது!

ஸ்கேனர் எண்ணை அடித்ததும் தானாகவே என்டரும் தட்டுகிறது. என்டர் தட்டினால் பாஸ் — அப்படி எழுதியவன் நான். முதல் பதிவை யாரும் மாற்றக் கூடாது என்று பூட்டியவனும் நான்தான். துணியைப் பார்த்துவிட்டு அவள் ரிஜெக்டை அழுத்தியிருக்கிறாள். புரோகிராம் சத்தமில்லாமல் அதைத் தள்ளிவிட்டிருக்கிறது.

சொன்னால் கோயமுத்தூர்க்காரன் உள்ளே வருவான். கேக்காம ஸ்கேனர் வாங்குனது யாரு? நானா?

6-5
முதலாளியிடம் சொன்னேன். கேட்காமல் வாங்கியதையும் சேர்த்துத்தான் சொன்னேன். "செரிங்ணா, அந்தப் புள்ளைய வரச் சொல்லுங்க" என்றார்.

ரோஸ்மேரியின் ஊட்டுக்குப் போனேன். வாசலை விட்டு அவள் நகரவில்லை. "எல்லார் முன்னாலயும்தான பொய் சொல்றேன்னீங்க? அங்கன வந்து சொல்லுங்க சார். இங்கன வேண்டாம்."

என் வயசென்ன, அவ வயசென்ன!

9-5, திங்கள்
மிஷின்களை நிறுத்தச் சொன்னார் முதலாளி. சொன்னேன். தப்பு என் புரோகிராமில்தான், ரோஸ்மேரி பொய் சொல்லவில்லை என்று. "கேக்கலீங்க" என்று டெய்லர் வரிசையிலிருந்து எவனோ. மறுபடி சொன்னேன். ரோஸ்மேரி போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

20-6
கோயமுத்தூர்ப் பையன்கள் புதுத் திரையோடு வந்தார்கள். மவுஸில் இழுத்துப் போட்டதுதான். ஸ்கேனரை நீட்டினார்கள். ரோஸ்மேரி வாங்கவில்லை. "நான் எதையும் அமுக்காட்டி இது என்ன செய்யும்? மொதல்ல அதக் காட்டுங்க" என்றாள்.

ஒருவன் முதலாளியைப் பார்த்தான். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.