பூசையில் தூங்கிய இன்ஜின்

செவ்வாய், இரவு

அக்கா மகள் கவிதாவின் புதுக் காருக்கு இன்று ஜெயங்கொண்டம் பிள்ளையார் கோயிலில் பூசை. எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றும் பொறுப்பு, மூவுலகமும் போற்றும் தாய்மாமனாகிய எனக்கு. பட்டனை அழுத்தினேன். சத்தமே இல்லை. “வண்டி செத்துப்போச்சு!” என்று கத்திக்கொண்டே ஆக்சிலரேட்டரை மிதித்தேன். நான்கு பழங்களும் நசுங்கிவிட்டன.

“கரண்ட், பெட்ரோல் ரெண்டுலயும் ஓடுற வண்டி மாமா. கரண்ட் தீர்ந்தாத்தான் பெட்ரோல் இன்ஜின் எந்திரிக்கும்” என்றாள் கவிதா.

அக்கா பிடித்துக்கொண்டாள். “அப்ப இன்ஜின் பூசையில தூங்கிடுச்சா? பாதி வண்டிக்குத்தான்டா பூசை ஆயிருக்கு. அது முழிச்சு இன்னொரு பூசை போடாம எம்பொண்ணு ஓட்டக் கூடாது.”

நாளை கவிதா பெரம்பலூரில் புது வேலையில் சேர வேண்டும். ஒரு காருக்கு ஓர் உயிரா, இரண்டா? எனக்கே விளங்கவில்லை. ஆனாலும் முழங்கினேன்: “விடியக்காலம் கோயிலை ஆயிரம் சுத்து சுத்திக் கரண்டைத் தீர்க்கிறேன். இன்ஜின் அலறிக்கிட்டு எந்திரிக்கும்!”

படுக்கப்போகுமுன் பார்த்தால், காரில் சார்ஜ் ஒயர் செருகியிருக்கிறது.

“நாந்தான்டா சொருவுனேன்” என்றாள் அக்கா. “காலையில புள்ள தூரமாப் போவணும்ல, வண்டி வவுறு நெறையக் கரண்ட் குடிக்கட்டும்.”

இனி இன்ஜின் நிம்மதியாகத் தூங்கும். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.