வெளிப்பக்கக் கீறல்

மார்ச் 3, 1937
காலையிலேயே அனல். ஆஸ்பத்திரி வார்டுக்குப் பேண்டேஜ் துணி கிழித்துச் சுருட்டி விரலெல்லாம் காந்தல். விளாங்குடியிலிருந்து சோலையன் என்று ஒருவர், கமலையில் மாடு ஓட்டித் தண்ணீர் இறைக்கிறவர். எட்டு நாள் முன்பு மாடுகளுக்குப் பின்னால் கமலைக் கயிற்றில் உட்கார்ந்து சரிவில் இறங்கும்போது வழுக்கி விழுந்தாராம். வலது தொடையில் வலி. மனைவி பேச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்திருக்கிறார்.

எக்ஸ்ரே. டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடை எலும்பின் வெளிப்பக்கம் தலைமுடி அளவு கீறல். பாதிவரைகூட இல்லை. இந்தக் காலோடு அம்புட்டுத் தூரமா? நம்பவே முடியவில்லை.

மார்ச் 4
டா. சொன்னது, மறக்குமுன்: உள்பக்கக் கீறலை உடம்பின் பாரம் அமுக்கி மூடும், படுக்கை போதும். வெளிப்பக்கக் கீறலைப் பாரம் இழுத்துத் திறக்கும், ஒருநாள் பட்டென்று முறியும். ஆனால் அறுத்துத் தகடு வைத்துச் சீழ் பிடித்தால் கால் போகும், ஆளும் போகலாம். ஆகவே முதலில் மூன்று வாரம் படுக்கை. இருபுறமும் மணல் மூட்டை. கால் தரையில் படக்கூடாது. கீறல் வளர்ந்தால் கத்தி.

மார்ச் 15
எப்போது கேட்டாலும் "சொகமா இருக்கு தாயி." இன்று போர்வை மாற்றும்போது பார்த்தால் வலது பாதத்தில் ஈர மண். படுத்த இடத்தில் கழிக்கக் கூச்சம். தினமும் விடியுமுன் கொல்லைக்குப் போய் வந்திருக்கிறார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

"பொம்பளப் புள்ளைக அள்ளிட்டுப் போறதப் பாத்துக்கிட்டு எப்படித் தாயி படுத்திருக்க? டாக்டரய்யாகிட்டச் சொல்லிறாதீக. கத்தி வச்சிருவாக."

சொல்லவில்லை. பாவி நான்.

மார்ச் 16
ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. சொல்லிவிட்டேன். டா. திட்டவில்லை. "படம் எடு" என்றார். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில். கீறல் பாதியைத் தாண்டிவிட்டது.

பேச்சியிடம் எல்லாம் சொன்னார், சீழ் பிடிக்கலாம் என்பது உட்பட. அவள் கணவனைப் பார்த்தாள். "இம்புட்டு விரிஞ்சிருக்கு, சொகம்னு சொன்னீகளே." பிறகு டாக்டரிடம், "வைங்கய்யா கத்திய."

மார்ச் 18
ஆபரேஷன். கொக்கியால் சதையை விலக்கிப் பிடித்தது நான். நர்ஸ் பயிற்சி வகுப்பில் தொங்கிய எலும்புக்கூடுதான் எலும்பு என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன். இது வெளிர் சிவப்பு. திருகாணிக்குத் துளை போட்டதும் எலும்புக்குள்ளிருந்து ரத்தம் கசிந்தது. உயிரோடு இருக்கிறது. கீறலின் ஓரத்தில் புது எலும்பு கொஞ்சம் முளைத்திருந்ததை டா. காட்டினார். இவர் தினமும் மிதித்துப் பிளக்க, அது தினமும் ஒட்டப் பார்த்திருக்கிறது. கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை ஒழியவில்லை.

மார்ச் 21
சுரம் 102. காயத்தைச் சுற்றிச் சிவப்பு. நான் மறைத்த அந்த ஒரு நாளாலா?

மார்ச் 25
ஸ்டோரில் சோப்பு கேட்க வேண்டும். இரண்டு நாளாகச் சுரம் இல்லை. காயம் உலர்ந்துவிட்டது. டா. "காலைத் தூக்குங்க" என்றார். சோலையன் பயந்து பயந்து குதிகாலை மெத்தையிலிருந்து நாலு விரல் உயரம் தூக்கினார். பேச்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போதும், இறக்குங்க" என்றார் டா.

இறக்கவில்லை. தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.