ஸ்பீக்கர் வேண்டாம் என்றீர்கள்

இன்று காலை அலமாரியின் மேல்தட்டைத் துடைக்கும்போது ஒரு சாம்பல் நிறப் பளபளப்பு உறை நழுவிக் கீழே விழுந்தது. உங்கள் கம்ப்யூட்டரின் மதர்போர்டு வந்த உறை. எடுத்து முகர்ந்து பார்த்தேன். புது பிளாஸ்டிக் வாசனை போய், வைக்கோல் வாசனைதான் மிஞ்சியிருக்கிறது. அந்த வருடம் முழுக்க உங்கள் மேல் எனக்கிருந்த சந்தேகமும் அதோடு கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

சந்தேகப்பட எனக்குக் காரணங்கள் இருந்தன. மின்கம்பத்துப் பீங்கான் செய்கிற இன்சுலேட்டர் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு நீங்கள் வேறு ஆளாகிப் போனீர்கள். டிவி செய்தியைத் தவறவிடாதவர், பாதியில் எழுந்து தோட்டத்துப் பக்கம் போனீர்கள். ஜங்ஷன் டீக்கடை நண்பர்களைத் தவிர்த்தீர்கள். நான் எதைக் கேட்டாலும் "ம்" என்றீர்கள். ஆனால் நான் பேசும்போது மட்டும் என் முகத்தையே உற்றுப் பார்த்தீர்கள். கல்யாணமான நாளிலிருந்து இல்லாத பழக்கம். இந்த வயதில் மனைவியை இப்படிப் பார்க்கிறவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் எந்தப் பெண்ணும் நினைப்பாள். அது என்ன என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

கம்பெனி மட்டும் உங்களை விடவில்லை. லாரி ஏறுமுன் ஒவ்வொரு லோடையும் நீங்கள் வந்து பார்க்க வேண்டும் என்று முதலாளி கார் அனுப்புவார். சின்ன மரச்சுத்தியால் தட்டினால் நல்ல பீங்கான் கணீரென்று ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் அடைத்துப்போகும். மேலே ஓடுகிற மயிரிழைக் கீறலைக் கண்ணால் பார்த்துக் கழிக்க வேண்டும். மின்கம்பத்தில் ஏறப் போகிற பொருள். விரிசலுள்ள ஒன்று தப்பிப் போனால் மழைநாளில் யாரோ ஒருவர் உயிர் போகும். "அவரு காதுதான் நம்ம கம்பெனிக்கு முத்திரை" என்று வெளியூர்க்காரர்களிடம் முதலாளி சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் பெருமை இருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள், "கம்ப்யூட்டர் வாங்கலாம்னு இருக்கேன். கார் ரேஸ் ஆடுறதுக்கு" என்றீர்கள்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"ரெடிமேடா கிடைக்கறதை விட்டுட்டு எதுக்கு உதிரி உதிரியா வாங்கணும்?"

"ரெடிமேடுல கேம் நின்னு நின்னு வரும், மதர். நாமளே பாத்துப் பொறுக்கணும்."

கான்வென்ட்டில் படித்தவள் என்பதால் எனக்கு நீங்கள் வைத்த பெயர் அது. அந்தப் பெயரைச் சொன்னால் நான் இளகுவேன் என்று உங்களுக்குத் தெரியும். அன்று இளகவில்லை. நானும் கடைக்கு வருகிறேன் என்றேன்.

ஜங்ஷன் ரோட்டில் வேறு கடைகள் இருந்தும், தொண்டை கிழியப் பேசுகிற செல்வத்தின் கடையைத்தான் நீங்கள் பிடித்திருந்தீர்கள். அவன் மதர்போர்டை மேசையில் வைத்து, "இதுதான் சார் மெயினு. எல்லாமே இதுலதான் வந்து மாட்டணும். இது சரியில்லன்னா எதுவும் ஓடாது" என்றான்.

"எங்க வூட்லயும் அப்பிடித்தாம்பா" என்று என்னைக் காட்டினீர்கள். அவன் சிரித்தான். நான் பெட்டியின் சீலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிராசஸர், மெமரி எல்லாவற்றின் பெட்டி எண்ணும் உள்ளே இருந்த பொருளின் எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்த்தேன். மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளை நீங்கள் இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்து, கனமானதைக் கேட்டீர்கள். "கரெக்டு சார்! உள்ள சரக்கு இருந்தாத்தான் கனக்கும்" என்றான் செல்வம். அவன் பாராட்டியதாலேயே அதையும் ஒரு முறை திருப்பிப் பார்த்தேன்.

கடைசியாக கிராபிக்ஸ் கார்டு. தனியாக மின்விசிறி வைத்த பெரிய கார்டு. பெட்டியின் டேப்புக்குக் கீழே அட்டை உரிந்திருந்தது. கார்டை எடுத்து, மதர்போர்டில் செருகுகிற பொன்னிறப் பற்களை வெளிச்சத்தில் பிடித்தேன். அத்தனையும் கீறல்.

"இது யாரு வூட்ல இருந்துச்சு?"

"ஐயோ அம்மா, புது பீஸும்மா. டெஸ்ட் பண்ணிப் பாத்தது, அவ்ளோதான்."

"ஒரு தடவை மாட்டிக் கழட்டினா இத்தனை கோடு விழுமா? தினம் டெஸ்ட் பண்ணியா?"

உள்ளே போய் வேறு பெட்டி கொண்டு வந்தான். நீங்கள் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினீர்கள். எனக்குப் பிடித்த பாராட்டு அது.

"ஸ்பீக்கர் எது சார் வேணும்?" என்றான்.

"ஸ்பீக்கர் வேணாம்."

"கார்டு இவ்ளோ பெருசா எடுத்துட்டு ஸ்பீக்கர் வேணாங்கறீங்களே! வண்டி உறுமுறதே கேக்காதே சார்?"

"வேணாம்னா வேணாம்பா."

"அம்மாவுக்குத் தொந்தரவா இருக்கும்னு பாக்குறாரு" என்று என்னிடம் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தொந்தரவை நீங்கள் என்றைக்குப் பார்த்தீர்கள்? சத்தமில்லாத கம்ப்யூட்டர், அதற்கென்று ஒரு தனி அறை. உள்ளே என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

நம் தெருவின் பள்ளங்களை நம்பாமல், கம்பெனியில் செய்வதுபோல ஒரு மரப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, எல்லாவற்றையும் உறையிலிருந்து எடுத்து அதில் புதைத்து, காலி உறைகளையும் மேலே திணித்துக் கொண்டுவந்தீர்கள். பிளாஸ்டிக் வேர்க்கும் என்பது உங்கள் கட்சி. வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுக்க உட்கார்ந்த செல்வம் தலையில் கை வைத்துக்கொண்டான். "சார், இது பீங்கான் இல்ல சார்!"

"பீங்கானே உடையாமப் போவுது. இது போவாதா?"

அவன் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தான். எல்லாம் எடுத்துவிட்டதாகச் சொன்னான். அதை நான் நம்பவில்லை, அது சரியாகவும் போயிற்று.

சில நாள் கழித்து நான் சமையலறையில் இருந்தபோது உங்கள் அறையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் கிளம்பியது. மிக்ஸியில் கல்லைப் போட்டு அரைத்தாற்போல. வெடிக்கப் போகிறது என்று ஓடி வந்தேன். நீங்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தீர்கள். திரையில் ஒரு சிவப்புக் கார் மலைப்பாதையில் வளைந்து வளைந்து போனது. "என்னங்க, என்ன சத்தம் இது?" என்றேன். திரும்பவில்லை. பின்னால் வந்து நின்று மறுபடி கேட்டேன். கார் அடுத்த வளைவில் திரும்பியது. சுவிட்சை அணைத்தேன்.

"கரண்டு போச்சா?" என்று திரும்பினீர்கள்.

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "காபி வேணுமா?" என்று கேட்டேன். என் கண்ணைப் பார்த்தீர்கள். முந்தானையைப் பார்த்தீர்கள். "ம்" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

முந்தானையை இறக்கிவிட்டு, "எப்பலேர்ந்து?" என்றேன்.

"ரிட்டயர் ஆவறதுக்கு முன்னாடியே. டிவியில எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்க, மதர். டீக்கடையிலயும் பேசிக்கிட்டே இருக்காங்க. இதுல யாரும் பேச வேணாம். ரோடு வருது, நான் போறேன்."

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அப்ப லோடு?" என்றுதான் கேட்டேன்.

"விரல்ல தெரியும். நல்ல பீஸுன்னா அதிர்வு கையில நிக்கும்."

அதை அப்படியே நம்பிவிட என்னால் முடியவில்லை. தோட்டத்துப் பாத்திகளுக்கு வரப்பாக நட்டிருந்த பழைய இன்சுலேட்டர்களைப் பிடுங்கிக் கழுவி வந்தேன். அவற்றில் நல்லவையும் இருந்தன, விரிசல் கண்டு கழித்தவையும் இருந்தன. ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். நீங்கள் கண்ணை மூடி, விரலை வைத்துத் தட்டிப் பிரித்தீர்கள். கிட்டத்தட்ட எல்லாம் சரி. ஒன்று மட்டும், என் காதுக்கே பொத்தென்று கேட்ட ஒன்று, நல்லவற்றோடு போய்ச் சேர்ந்தது.

"இது கம்பத்துல ஏறும்" என்றேன்.

வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்தீர்கள்.

"லோடு பாக்கறதை விட்டுடுங்க."

"விட்டா ஏன்னு கேப்பாங்க. காதுக்காரனுக்குக் காது போச்சுன்னு ஊரே சிரிக்கும்."

"கண்ணு மங்கிப்போச்சுன்னு சொல்லலாம். கண்ணு போனா யாரும் சிரிக்க மாட்டாங்க."

பொய் சொல்லக் கூடாது என்று என்னை வளர்த்த கன்னியாஸ்திரிகள் மன்னிக்கட்டும். மறுநாள் முதலாளியிடம் போய் அதைச் சொன்னவள் நான்தான். கண் மங்கிய பிறகு பார்த்த லோடுகளை வேறு ஆளை வைத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். பார்த்தார்கள், சில கழிந்தன. எதுவும் கம்பம் ஏறவில்லை என்று முதலாளி உறுதி சொன்னார். அந்த உறுதி எனக்குப் போதவில்லை. இன்றும் மழை பிடித்தால் தெருக்கம்பங்களைத்தான் அண்ணாந்து பார்க்கிறேன்.

செல்வம் வந்து, கார்டின் விசிறிக்குள்ளிருந்து ஒரு வைக்கோல் துரும்பை இடுக்கியால் உருவி எடுத்தான். "இவ்ளோ சத்தத்துல எப்பிடி சார் ஆடுனீங்க?" என்று கேட்டான்.

"நான் போடற சண்டைக்கு இது பரவால்லன்னு இருந்துட்டாரு" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். நீங்கள் என் உதட்டைப் படித்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

அதன் பிறகு நம் வீட்டில் நடந்தவையெல்லாம் வெளியில் சொல்ல முடியாதவை. கண் தெரியாதவர் என்று ஊர் இரக்கப்பட்ட மனிதர், கதவைச் சாத்திக்கொண்டு மலைவளைவுகளில் கார் ஓட்டினீர்கள். யாராவது வந்தால் நான் சுவிட்சை அணைப்பேன், நீங்கள் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டுவீர்கள். ஒரு நாள் ரேஸில் முதலாவதாக வந்த சந்தோஷத்தில் சொன்னீர்கள்: "நான் போனா கண்ணைக் குடுத்துடு, மதர். அதுல ஒரு குறையும் இல்ல."

நீங்கள் போன அன்று நான் கண் வங்கிக்குச் சொல்லி அனுப்பினேன். மாலையோடு வந்து நின்ற முதலாளி, "அவருக்குத்தான் கண்ணு தெரியாதேம்மா?" என்றார்.

"டாக்டர் பாத்துக்குவாங்க" என்றேன்.

டாக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்து, எல்லோருக்கும் கேட்க, "ரெண்டுமே நல்லா இருக்குதுங்க" என்றார். முதலாளி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். நான் பிறரைப் பார்த்த பார்வைதான். நல்ல கண்ணோடு இருந்த மனிதரை, ஏதோ கணக்குப் போட்டு, நான்தான் வேலையிலிருந்து இழுத்துக்கொண்டேன் என்று அவர் அங்கேயே முடிவு செய்துவிட்டார். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த முடிவு மாறியிருக்கும். உங்களை அங்கே கிடத்தியிருந்தபோது அந்த வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை. பிறகும் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன்.

பழமலைநாதர் கோயில் வீதியில் எதிர்ப்பட்டால் இப்போதும் அவர் என்னை அப்படித்தான் பார்க்கிறார். நான் குடையைச் சாய்த்து முகத்தை மறைப்பதில்லை. வணக்கம் சொல்லிவிட்டு, நேராக நடக்கிறேன்.