மன்சூர் பேரைப் போட்ட மனு

செல்லூர்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் நஜீமுக்கு அம்மா சைனப் எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் வீட்டுக்காரி ஆயிஷாவும் பேத்தி நிலோபரும் நடமாட்டமாக இருக்கிறோம், உன் உடம்பு எப்படி, கண்ணால் பார்த்து மூணு வருஷமாச்சு. இதைப் போனில் சொல்ல முடியாது, உன் ரூமில் மன்சூரின் மச்சான் இருக்கிறான். அதனால் ஜித்தாவுக்கு வரும் நம்ம தெரு செல்வக்குமார் கையில் கொடுத்துவிடுகிறேன், படித்ததும் கிழித்துப் போடு.

கம்பெனிக்காக அரசாங்க ஆபீசுகளுக்குப் போய்வருகிற அந்த மந்தூப் உன் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறான் என்று நீ அழுத அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை ஒத்தக்கடைக்குப் பஸ் ஏறி தமிழ்வாணியின் கம்ப்யூட்டர் கடையில் மனுப் போட்டேன். யாருக்கு என்று கேட்டாள், பெரிய ஆளாகப் பார்த்து அங்கே இருக்கிற நம்ம நாட்டு அம்பாசடருக்கே போடு என்றேன். அவர் ரியாத்தில் இருப்பவர், உங்க மகனுக்குப் பக்கத்தில் இருக்கும் கான்சல்தான் தோது என்று மாற்றிப் போட்டாள், அது நல்லது. அடுத்து, உங்க சார்பில் பேச ரெப்ரசென்டேட்டிவ் யார் என்றாள். உன்னை அனுப்பிய ஏஜென்ட் மன்சூர் இருக்கிறானே, சொந்தக் கொழுந்தன் மகன், அரபி பேசுவான் என்று அவன் பேரையும் நம்பரையும் சொல்லித் தொலைத்தேன். உன் நிக்காஹ் பந்தியில் தால்ச்சா தண்ணியாக இருக்கிறது என்று கையை உதறி எழுந்தவன், அன்று பச்சைக் கட்டம் போட்ட சட்டை, பதினோரு வருஷமாக மறக்காதவள் மனுப் போட்ட அந்த ஒரு நாள் மறந்துவிட்டேன்.

மனு நம்பர் அவன் போனுக்கே போய்விட்டது. மறுநாள் காலையில் வந்து நின்றான், டீ கொடுத்தேன், தொடவில்லை. "பெரியம்மா, என் பேரைப் போட்டே என் கம்பெனி மேல புகாரா, இம்புட்டு வெவரம் எங்க படிச்சீக" என்று சிரித்தான். வாபஸ் வாங்குங்க, மந்தூபிடம் நான் பேசிக்கிறேன் என்றான். நீ யாரு ஆளுப்பா என்று கேட்டேன். "எனக்குக் கமிஷன் குடுக்குறது அவுகதானே" என்றான். ஒளிக்காமல் சொன்னான், அதற்கு மட்டும் அவனை மெச்சுகிறேன்.

அன்றே திரும்ப ஓடினேன். தமிழ்வாணி பொறுமையாகச் சொன்னாள், ஏஜென்ட் கம்பெனிக்கு ஆள் பிடிப்பவர், மந்தூப் கம்பெனிக்காக ஆபீஸ் ஏறுபவர், கான்சல் நம்ம அரசாங்கத்துக்காக அங்கே இருப்பவர், உங்க மகனுக்காகவே நிற்கிற ஆள் யார் என்றுதான் அதில் கேட்டிருக்கிறது என்று. அவன் பேரை எடுத்துவிட்டு என் பேரைப் போடச் சொன்னேன். கான்சல் ஆபீசிலிருந்து கூப்பிட்டு இங்கிலீஷில் பேசினால் என்ன செய்வீங்க என்றாள். தமிழ் தெரிந்த ஆள் வரும்வரை போனை வைக்கமாட்டேன் என்றேன்.

ஆனாலும் மன்சூர் இந்நேரம் அந்த மந்தூபிடம் சொல்லியிருப்பான். பாஸ்போர்ட் உன் கையிலேயே இருக்கிறது என்று நீ சொல்வதுபோல் எழுதிய காகிதத்தை உன்னிடம் நீட்டுவார்கள், ஆயிஷாவின் அண்ணனுக்கு அப்படித்தான் நடந்தது. லீவு தருகிறோம் என்று சொன்னாலும் கையெழுத்துப் போடாதே. வாக்குவாதமும் வேண்டாம், உனக்கு என் கோபம், அங்கே அது ஆகாது. வெயிலில் தண்ணி நிறையக் குடி.

நிலோபர் விளையாடக் கேட்டாலும் இப்போது போனைக் கொடுப்பதில்லை, தொழும்போதும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். நேற்று தெரியாத நம்பர் ஒன்று கூப்பிட்டது, நஜீமோட அம்மா பேசுறேன் என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். சிலிண்டர் கொண்டுவருகிற பேயாண்டி. பாவம், கடைசிவரை கேட்டுவிட்டு, "ஒங்க மகன் வந்துருவாரும்மா, நானும் சாமி கும்பிட்டுக்கிறேன்" என்றான்.

அல்லாஹ் உன்னைக் குறையில்லாமல் என் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும். கையெழுத்து மட்டும் போடாதே.

இப்படிக்கு,
உனக்காகப் பேசக் காத்திருக்கும்
அம்மா சைனப்