காக்கை தொடாத தயிர்

இன்று உனக்குப் படையல், தங்கச்சி. சங்கரா மீன் குழம்பு வாசனை குருசுக்குப்பத்துத் தெருமுனை வரை வீசியது. உன் இலையில் தயிர் வைக்கப் போனேன். கண் மங்கிப்போன இந்த வயதிலும் உன் மாமியார் கத்தினாள்: "மீன் பக்கத்துல தயிர வெக்காத!" செத்த பிறகுமா உன்னை விடமாட்டாள்?

உன் உதட்டோரம் முதல் வெள்ளைப் புள்ளி வந்தபோது அவள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "மீனையும் தயிரையும் ஒண்ணா தின்னா, வெளுத்துடுச்சு." காதுகுத்துப் பந்தியில் நீ பரிமாறப் போனபோது, எல்லாருக்கும் ஒட்டிக்கும் என்று உன் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள். உன் புருஷன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நீயும் வாய் திறக்கவில்லை. கடலுக்குப் போனவர் பெற்ற மகள், மீனையே விட்டுவிட்டாய்!

சுனாமிக்கு மூன்று வருஷம் கழித்து நான்தான் உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். அந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "கிருமிய அடிக்கிறதுக்குன்னு உடம்புல செல்லுங்க இருக்கும்மா. அதுங்க ஆள் தெரியாம, தோலுக்கு நிறம் குடுக்கிற செல்லையே அடிக்குதுங்க. 'போதும், நிறுத்து'ன்னு அதுங்கள அடக்கிவைக்க வேற செல்லுங்களும் இருக்கு. அதுங்க தோல்ல குறைஞ்சுபோச்சோ, சரியா வேலை செய்யலையோன்னு இப்பதான் ஆராய்ச்சி பண்றாங்க. மீனும் காரணமில்ல, தயிரும் காரணமில்ல. யாருக்கும் ஒட்டாது."

அஞ்சாவதோடு நின்ற எனக்கே புரிந்தது. ஆட்டோவில் நீ சிரித்தாய். "எங்க வீட்டு கதைதாங்க்கா. அடிக்கிறவங்க இருக்காங்க, அடக்கறவங்கதான் இல்ல." இந்த வாயை உன் வீட்டில் திறந்தால் என்னடி?

அப்படியே தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் வாங்கி, சாரம் பகுதியில் இருக்கும் என் வீட்டில் குழம்பு வைத்தேன். முள்ளைக்கூட உறிஞ்சிச் சாப்பிட்டாய். தயிர் ஊற்ற வந்தால் தட்டுக்கு மேல் கையை வைத்து மறைத்தாய். "தயிரு மட்டும் வேணாங்க்கா. எதுக்கு வம்பு?" டாக்டர் பேச்சு உனக்குப் பாதி வரைதான் இறங்கியது! போன வருஷம் காமாலையில் போனாய். புள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதற்கும் உன் மாமியார் தயிரைத்தான் சொன்னாள்.

அதனால்தான் இன்று காலை நான் விடவில்லை. "கொஞ்சம் அடங்குங்க அத்தே. இது என் தங்கச்சி இலை" என்றேன். மீனை ஒட்டியே தயிரை ஊற்றினேன். இலையில் இருந்த எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து மாடிச் சுவரில் காக்கைக்கு வைத்தேன்.

ஒரு காக்கை வந்தது. மீனைக் கொத்தியது. குழம்புச் சோற்றைக் கொத்தியது. தயிரை மட்டும் தொடாமல் பறந்துவிட்டது.

இப்பவுமாடி? காக்கையாக வந்தும் அந்தக் கிழவிக்குப் பயமா? எனக்கு வந்த கோபத்தில் அழுகைகூட வரவில்லை. கீழே வந்தேன். உன் மாமியாருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, உன் இலையை என் பக்கம் இழுத்து, மீனையும் தயிரையும் ஒன்றாகப் பிசைந்து சாப்பிட்டேன். அடக்க ஆளில்லை என்றாயே. நான் இருக்கிறேன். அவள் பேசப் பேச, ஒவ்வொரு வருஷமும் இந்த இலையில் தயிர் விழும்.