காரணம் எழுத விட்ட இடம்

இஞ்சேருங்கோ,

நான் ஷிப்டுக்குப் போறன். ஆறு மணிக்கு செவன் கிங்ஸிலயிருந்து என்ர அண்ணை வருவார். நாங்கள் வீடு வாங்க அவர் தாற இருபதாயிரம் பவுண்ஸ் கடன் இல்லை, அன்பளிப்பு எண்டு பாங்குக்கு ஒரு கடிதம் வேணும். மேசையில வைச்சிருக்கிறன், கையெழுத்து வாங்குங்கோ. புட்டும் மீன்குழம்பும் இருக்கு, அவருக்கு முதல் போடுங்கோ.

கடிதத்தில "ஏன் தாறீங்கள்?" எண்டு ஒரு இடம் இருக்கு. நேற்று அண்ணை போனில, "சீதனம் எண்டு எழுதட்டோ?" எண்டு கேட்டார். கலியாணத்தில சீதனம் வேண்டாமெண்ட மனுசன் நீங்கள். அது காதில விழுந்த பிறகுதான் என்னோட கதைக்காமல் இருக்கிறியள் எண்டு விளங்குது.

குடுக்கேல்லை எண்டு அவருக்குப் பத்து வருசமாக் குறை. வாங்கேல்லை எண்டு உங்களுக்குப் பத்து வருசமாப் பெருமை. எனக்கு என்ன வேணுமெண்டு ரெண்டு பேரும் ஒருநாளும் கேக்கேல்லை.

அந்த இடத்தை வெறுமையா விட்டிருக்கிறன். ரெண்டு பேரும் சேர்ந்து என்ன எழுதப்போறியள் எண்டு அறிய எனக்குச் சரியான ஆவல். இண்டைக்கு வேலையில முழுக்க அதே யோசினையாத்தான் இருக்கும்.

சுவர்ணா

வாசல் கதவின்ர கீழ்ப்பூட்டைப் பூட்டாதேங்கோ, பத்து மணிக்கு வருவன்.

இன்னொண்டு: நான் வரேக்கையும் அந்த இடம் வெறுமையா இருந்தால் நானே எழுதுவன், "சுவர்ணாவுக்கு ஒரு வீடு வேணும்" எண்டு.